30 டேக் போட்டும் படம் தேடலில் சிக்கவில்லை: எதை வெட்டுவது, எதை வைப்பது?

ஈரத்தாள் கேட்டது:

இரண்டு படங்கள் இருக்கு. இரண்டையும் டீவியன்ட்ஆர்ட், ஜப்பானியத் தளமான பிக்சிவ்னு ரெண்டு ஓவியத் தளத்திலும் ஏற்றணும்.

படம் 1: ஏ4 தாள், 300 ஜிஎஸ்எம், போஸ்டர் கலர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம், நல்ல மழை. படியில் கறுப்புக் குடை பிடிச்சபடி ஒரு பாட்டி நிற்கிறாங்க, முதுகு மட்டும்தான் தெரியும். தண்ணிக்கு அந்தப் பக்கம் கோபுரம், மழையில் பாதி கரைஞ்ச மாதிரி.

படம் 2: புள்ளிக் கோலம், 15-8 இடைப்புள்ளி, ஆறு தாமரை, நடுவில் நட்சத்திரம். இங்க்ஸ்கேப்ங்கிற வரைகலை மென்பொருளில் வரைஞ்சது. கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடு.

முதல் படத்துக்கு ஆங்கிலத்தில் போட்டு வச்சிருக்கிற டேக் (தேடலுக்கான குறிச்சொல்): ஆர்ட், பியூட்டிஃபுல், டிரெண்டிங், இந்தியா, டெம்பிள், டாங்க், டவர், ரெயின், வாட்டர்கலர், ஆயில்பெயிண்டிங், சேட் (சோகம்), லோன்லி (தனிமை), அனிமே. இப்படியே 30 வரைக்கும் நிரப்பியிருக்கேன். இரண்டாவதுக்கு மண்டலா, ரங்கோலி, வெக்டர், இந்தியன்ஆர்ட், அப்புறம் தமிழில் ‘கோலம்’. இதில் எது தப்பு? தமிழ் எழுத்தில் டேக் போடுறதால ஏதாவது பிரயோசனம் உண்டா?

---

மைக்கூடு:

30 என்பது டீவியன்ட்ஆர்ட் தரும் உச்சவரம்பு. அத்தனையையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் படத்தின் பட்டியலையே வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

ஆர்ட், பியூட்டிஃபுல், டிரெண்டிங் மூன்றும் போகட்டும். ஓவியத் தளத்தில் போய் ‘ஓவியம்’ என்று தேடுவது, ஜவுளிக்கடைக்குள் நின்றுகொண்டு துணி இருக்கிறதா என்று கேட்பது போல. அழகாக இருக்கிறதா என்பதைப் பார்க்கிறவர் சொல்லட்டும்.

பெரிய ஓட்டை ‘டாங்க்’. தெப்பக்குளத்தை டெம்பிள் டாங்க் என்பது நம் ஊர் ஆங்கிலம். இந்தியாவைத் தாண்டினால் அந்தப் பொருள் பலருக்குத் தெரியாது. தனியாக டாங்க் என்று போட்டால், பீரங்கி வண்டிக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில் உங்கள் பாட்டி குடையோடு நிற்பார். இரண்டு சொல்லையும் ஒட்டி ‘டெம்பிள்டாங்க்’ என்று ஒரே டேக்காக வையுங்கள், பக்கத்தில் வெளியூர்க்காரர் தட்டக்கூடிய ‘பாண்ட்’ (குளம்) ஒன்று. படிகள் இருக்கின்றனவே என்று ‘ஸ்டெப்வெல்’ போட்டுவிடாதீர்கள். அது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் படிக்கிணறு, பாட்டன் நகரில் இருக்கும் ராணி கி வாவ் போல நிலத்துக்குள் இறங்கும் கட்டடம். அதைத் தேடி வருகிறவர் உங்கள் படத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்.

‘டவர்’ என்றால் கோட்டைக் கொத்தளமும் செல்போன் கோபுரமும் வரும். ‘கோபுரம்’ என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கடைசி எம் இல்லாமல் ‘கோபுரா’ என்றும் நூல்களில் எழுதுகிறார்கள், இரண்டையும் வைக்கலாம். இவை எழுத்துப்பிழைகள் அல்ல, இரண்டும் புழக்கத்தில் உள்ள வடிவங்கள். சேலைக்கும் இதே கதைதான்: எஸ்-ஏ-ஆர்-ஐ என்றும், கடைசியில் இரட்டை இ வைத்தும் எழுதுகிறார்கள். ஆனால் குவாஷ் (தாளை மறைக்கும் ஒரு வகை வண்ணம்) என்ற சொல்லை யாரெல்லாம் எப்படித் தப்பாகத் தட்டுவார்கள் என்று ஊகித்து அதற்கு நாலு டேக் செலவழிப்பது வீண்.

அடுத்தது ஊடகம். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். போஸ்டர் கலரில் வரைந்த படத்துக்கு வாட்டர்கலரும் பொருந்தாது, ஆயிலும் பொருந்தாது. வாட்டர்கலர் என்று தேடுகிறவர் தாளின் வெண்மை ஊடுருவித் தெரியும் வண்ணத்தை எதிர்பார்ப்பார். போஸ்டர் கலர் தாளை மறைக்கும், காய்ந்தால் மேட் பூச்சாக நிற்கும். குவாஷுக்கு நெருங்கிய சொந்தம், விலையில் இளையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அது முதலில், அதாவது ‘போஸ்டர்கலர்’. அந்தப் பெயர் தெரியாதவர்களுக்காக அடுத்து ‘குவாஷ்’. குவாஷைத் தேடி வருகிறவர் ஏமாற மாட்டார், ஏனென்றால் அவர் தேடும் பூச்சுதான் இது.

கூடவே ‘டிரெடிஷனல்ஆர்ட்’. இந்தச் சொல்லுக்கு ஓவியத் தளங்களில் உள்ள பொருள் ‘மரபுக் கலை’ அல்ல. கணினியில் அல்லாமல் கையால் தாளிலோ துணியிலோ வரைந்தது என்பதுதான். பிக்சிவில் அதே வேலையைச் செய்யும் டேக் ‘அனரோகு’, அனலாக் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு.

சேட், லோன்லி: பாட்டியின் முகமே தெரியவில்லை, அழுகிறாரா மழையை ரசிக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? அது உங்கள் மனதில் இருப்பது, படத்தில் இல்லை. மனநிலை டேக் ஒன்று வேண்டுமென்றால், தலைப்பைச் சொல்லாமல் படத்தை மட்டும் இரண்டு பேரிடம் காட்டுங்கள். இருவரும் கேட்காமலே ஒரே சொல்லைச் சொன்னால் அதை வையுங்கள். அனிமே எப்படி வந்தது என்றே புரியவில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

பதிலாக, கண்ணுக்கு முன்னால் இருந்தும் விட்டுப்போனவை: குடை, வயதான பெண், சேலை, படிக்கட்டு, நீரில் பிரதிபலிப்பு, மயிலாப்பூர், சென்னை, கபாலீசுவரர் கோயில். குடையை விட்டது ஆச்சரியம். மழைப் படம் தேடுகிறவர்களில் பலர் குடையைத்தான் தட்டுவார்கள்.

எந்த டேக்கையும் உறுதி செய்யும் முன் ஒரு சோதனை. லாக்அவுட் ஆகி, அந்தச் சொல்லை அதே தளத்தில் தேடி, முதலில் வரும் 30 படங்களைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் படம் வேற்றாள் மாதிரி நின்றால் அந்தச் சொல் வேண்டாம். டாங்க் என்பதை இப்படித் தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். பிக்சிவில் என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் அவர்களே நடத்தும் கலைக்களஞ்சியப் பக்கம் பெரும்பாலும் இருக்கும், அங்கே எந்தப் பொருளில் புழங்குகிறது என்று எழுதியிருப்பார்கள்.

---

சட்டகம்:

மைக்கூடு சொன்னதோடு ஒன்று. பரந்த சொல், குறுகிய சொல் இரண்டையும் வைக்கலாமா என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

டீவியன்ட்ஆர்ட்டில் முன்பு இருந்த வகைப்பாட்டு மரம் இப்போது இல்லை. முழுப் பாரமும் டேக்கின் தலையில்தான். ‘கபாலீசுவரர் கோயில்’ என்று நீங்கள் போட்டதால் அது கோயில் என்றோ சென்னையில் இருக்கிறது என்றோ தளம் தானாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் அங்கே கோயிலின் பெயர், கோயில், சென்னை என மூன்றையும் நீங்களே எழுத வேண்டும். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் இதற்கு நேர் எதிர். கோயிலின் பகுப்பில் படத்தைச் சேர்த்த பிறகு, சென்னைக் கோயில்கள் என்ற மேல் பகுப்பிலும் சேர்த்தால் அது மிகைப் பகுப்பு, யாராவது வந்து நீக்கிவிடுவார்கள். ஓரிடத்தில் பழகிய கையோடு இன்னோரிடத்துக்குப் போகும்போது இதுதான் உதைக்கும்.

இன்னொரு உதை, இடைவெளி. பிக்சிவில் இடைவெளி வந்தாலே டேக் முடிந்தது என்று பொருள். ஆயில் பேஸ்டல் என்று இடம் விட்டு எழுதினால் ஆயில் ஒன்று, பேஸ்டல் ஒன்று என இரண்டு டேக் ஆகிவிடும், இரண்டுமே பொய். ஆயில் பேஸ்டல் எண்ணெய் ஓவியமும் இல்லை, சாக்பீஸ் மாதிரி உதிரும் பேஸ்டலும் இல்லை. ஒளிப்படத் தளமான ஃபிளிக்கரில் (அங்கே ஒரு படத்துக்கு 75 வரை போகலாம்) இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் சேர்ந்து நிற்கும். டீவியன்ட்ஆர்ட்டில் இடைவெளியே கிடையாது, ஒட்டித்தான் எழுத வேண்டும்.

எதிர்மறையும் டேக்கில் எடுபடாது. ‘ஏஐ இல்லை’ என்று எழுதினால், சொல்லைப் பிரித்துத் தேடும் இடத்தில் ஏஐ படம் தேடுகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும். ஏஐ பயன்பாட்டைச் சொல்லவும், வயதுவந்தோருக்கான படம் என்று குறிக்கவும் டீவியன்ட்ஆர்ட், பிக்சிவ் இரண்டிலும் தனிப் பெட்டிகள் உண்டு. அங்கே சொல்ல வேண்டியதை டேக்கில் மட்டும் சொல்லிவிட்டு விட்டால் வடிகட்டி வேலை செய்யாது.

---

கட்டம்_கோடு:

ரெண்டாவது படத்துக்கு வரேன்.

‘மண்டலா’வை எடுத்துடுங்க. ஓவியத் தளத்துல அந்தச் சொல்லுக்குக் கீழ வர்றதெல்லாம் நடுவுல இருந்து வட்டம் வட்டமா விரியுற, கலர் அடிக்கிற புத்தகத்துப் படம். புள்ளியே இருக்காது. உங்க கோலம் ஆறு பக்கமும் ஒரே மாதிரி இருக்குங்கிறதால மண்டலான்னு தோணியிருக்கலாம். ஆனா அந்த ஆறு பக்கம் இடைப்புள்ளியால வந்தது. நடு வரிசை 15, மேலயும் கீழயும் ஒவ்வொண்ணா குறைஞ்சு 8, மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. அதே 15ஐ நேர்ப்புள்ளியா வச்சு, ரெண்டு ரெண்டா குறைச்சு 1ல முடிச்சா வைர வடிவம் வரும், 113 புள்ளி. கோலம் தேடுறவங்க இந்த எண்ணைத்தான் தேடுவாங்க, போடத் தெரிஞ்சவங்களுக்கு அதுதான் முகவரி. அதனால ‘15_8’, ‘இடைப்புள்ளி’ ரெண்டும் கட்டாயம். சில ஊர்ல ‘ஊடுபுள்ளி’ன்னு சொல்றதால அதையும் சேருங்க. எண் போடுறதுக்கு முன்னாடி புள்ளியை ஒரு தடவை எண்ணிடுங்க. கணினியில நகலெடுத்து ஒட்டும்போது ஒரு ஓரப்புள்ளி விட்டுப்போறது சகஜம். அதைப் பார்த்து வாசல்ல போட உக்கார்றவங்க பாதியில மாட்டிக்குவாங்க.

கோடு புள்ளியைத் தொட்டு இணைக்குதா, புள்ளியைச் சுத்தி வளைஞ்சு போகுதா? சுத்தி வளைஞ்சா அது சிக்குக் கோலம், நெளிக் கோலம்னும் சொல்லுவாங்க. தாமரை, நட்சத்திரம்னு நீங்க சொல்றதைப் பார்த்தா இணைக்கிற வகை மாதிரி தெரியுது, அப்ப ‘சிக்கு’ போடக்கூடாது. ‘மாக்கோலம்’ங்கிற டேக்கும் வேணாம். அது ஈர அரிசி மாவுல இழைச்சுப் போடுறது, கறுப்புத் திரையில வெள்ளைக் கோடு இருந்தா மட்டும் மாக்கோலம் ஆகிடாது.

‘வெக்டர்’ உங்களுக்குச் சரி, இங்க்ஸ்கேப்ல கோடாவே வரைஞ்சிருக்கீங்க. ஃபிளாட்டா, கூர்மையா தெரியுறதால மட்டும் பிக்சல் படத்துக்கெல்லாம் வெக்டர்னு போடுறாங்க, அது தப்பு. பெரிசு பண்ணினா உடையாத கோப்பா இருக்கணும்.

ரங்கோலி: நம்ம பேச்சுல ரங்கோலின்னா புள்ளி இல்லாம வரைஞ்சு கலர்பொடி தூவுறது. அப்படிப் பார்த்தா தப்புதான். ஆனா ஆங்கிலத்துல தேடுற வெளியாளுக்குத் தரைக்கோலம் எல்லாத்துக்கும் சேர்த்து அந்த ஒரே பேர்தான் தெரியும். என் கணக்குல ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம், ஆனா ‘கோலம்’ முதல்ல வரணும். ஆல்பனா, மாண்டனா, பூக்களம்னு அடுக்காதீங்க. ஆல்பனா வங்காளம், மாண்டனா ராஜஸ்தான், பூக்களம் ஓணத்துக்குப் பூவுல போடுறது. ஒவ்வொண்ணுக்கும் தனி வடிவம் இருக்கு.

---

மைக்கூடு:

ரங்கோலியில் உடன்பாடு இல்லை. வெளியாளுக்குத் தெரிந்த பேர் என்று ஒவ்வொருவரும் வைத்துக்கொண்டே போவதால்தான் அவருக்கு வேறு பேர் தெரியாமலே போகிறது. படத்தின் விளக்கக் குறிப்பில் ‘ரங்கோலி என்று வடக்கே சொல்லும் தரைக்கோலத்தின் தமிழ் வகை’ என்று ஒரு வரி எழுதினால் போதுமே. மற்றபடி நீங்கள் சொன்ன எண் விஷயம் அருமை, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

---

சுழி_கொம்பு:

தமிழ் டேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரயோசனம் உண்டு, ஆனால் முதலில் தளம் அதை முழுசாக விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் இது. டேக்கைப் பிரிக்கும் நிரல்கள் சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து எது என்று ஒரு விதி வைத்திருக்கும். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ரெகெக்ஸ் (எழுத்து வடிவம் தேடும் முறை) விதியில் அகர உயிர்மெய் எழுத்துதான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்தில் சேர்த்தி இல்லை. அந்த விதியை அப்படியே நம்பிய தளத்தில் ‘கோலம்’ என்று போட்டால் ‘க’ ஒரு துண்டு, ‘லம’ ஒரு துண்டு என்று உடையும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய விதியில் ஆங்கில எழுத்தைத் தவிர எதுவுமே எழுத்து இல்லை, டேக் காணாமலே போகும். ஆகவே ஒரு டேக் போட்டுச் சேமித்து, அதன் மேல் சொடுக்கிப் பாருங்கள். திறக்கும் பக்கத்தின் தலைப்பில் முழுச் சொல் இருந்தால் கவலை இல்லை.

அடுத்தது, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் சொற்கள். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வரலாம். என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்க முறையைப் பின்பற்றும் தளம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சீராக்காத தளத்தில் அவை இரண்டு வெவ்வேறு டேக். யூனிகோடு குறியீடுகளை எண்ணிக் காட்டும் இணையக் கருவியில் ‘கோலம்’ என்பதை ஒட்டினால் 5 வர வேண்டும்: க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி. 6 வந்தால் உங்கள் விசைப்பலகை கொம்பையும் காலையும் பிரித்து எழுதுகிறது, வேறு விசைப்பலகைக்கு மாறுங்கள்.

என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாதது ஔகாரம். ‘கௌரி’யில் வரும் சிறகு வேறு, ‘கெளரி’ என்று எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதுவது வேறு. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ளகரம் தனி எழுத்து, எந்த நிரலும் அதை மாற்றித் தராது. ‘மௌனம்’, ‘பௌர்ணமி’ இரண்டும் அடிக்கடி இப்படி மாட்டும். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம்: பழைய முறையில் ஸகரத்தில் தொடங்கும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் தொடங்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், குறியீட்டு எண்ணிக்கையும் இரண்டிலும் 4தான். அந்தத் தளத்தில் ஏற்கெனவே அதிகப் படங்கள் உள்ள டேக்கிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே சுருக்குவழி.

தமிழில் ஒட்டுச் சொல் வேண்டாம். ‘கோலங்கள்’, ‘கோலத்தில்’ என்று வேற்றுமையும் பன்மையும் ஏற்றினால் ‘கோலம்’ தேடுகிறவருக்கு அது சிக்காமல் போகலாம். அகராதியில் இருக்கும் வடிவமே டேக்கில் இருக்கட்டும்.

---

பொன்ரேக்கு:

இதே இழையிலேயே கேட்டுவிடுகிறேன். ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலியில் வரைந்த நவநீத கிருஷ்ணன், தஞ்சாவூர் ஓவியம் போலவே நகை, வளைவு, மண்டபம் எல்லாம் வைத்தது. ‘தஞ்சாவூர்பெயிண்டிங்’, ‘டிரெடிஷனல்ஆர்ட்’ இரண்டும் போடலாமா?

---

சட்டகம்:

இரண்டும் வேண்டாம். டிரெடிஷனல்ஆர்ட் ஏன் கூடாது என்பதை மைக்கூடு மேலே எழுதிவிட்டார்: அந்த டேக் கையால் வரைந்ததைக் குறிக்கிறது. உங்களுடையது ‘டிஜிட்டல்ஆர்ட்’.

தஞ்சாவூர் ஓவியம் என்பது தோற்றத்துக்கு மட்டும் வைத்த பெயர் அல்ல, செய்முறைக்கும் சேர்த்து வைத்தது. பலகைப் படம் என்று பழைய பெயரே உண்டு. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சு பூசி, மக்கு என்ற பசைக் கலவையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. புவிசார் குறியீடும் அதற்கு இருக்கிறது. வாங்கலாம் என்று தேடி வருகிறவர் திரையில் வரைந்த படத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் படுவார். ‘தஞ்சாவூர்ஸ்டைல்’ அல்லது ‘தஞ்சாவூர்இன்ஸ்பயர்ட்’ என்று எழுதுங்கள், உண்மையும் கெடாது. ஆங்கிலத்தில் தாஞ்சோர் என்ற காலனிக் கால எழுத்துக்கூட்டலில்தான் பலர் தேடுகிறார்கள், அந்த வடிவத்திலும் ஒன்று. உருவம் குண்டாக, கன்னம் உப்பி, வளைவும் திரையும் சட்டமிட்டதாக இருந்தால் தஞ்சாவூர்ப் பாணி. நகை வேலை மெல்லிய கோடாகத் தட்டையாக இருந்தால் அது மைசூர்ப் பாணிக்குப் பக்கம், ஒருமுறை சரிபாருங்கள்.

‘கிருஷ்ணா’ மட்டும் போதாது. ‘பட்டர்’, ‘பேபிகிருஷ்ணா’ இரண்டும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன, வெண்ணெய் திருடும் குழந்தையைத் தேடுகிறவர் அப்படித்தான் தட்டுவார்.

---

ஈரத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. வெட்டிச் சேர்த்த பிறகு முதல் படத்துக்கு டீவியன்ட்ஆர்ட்டில், எல்லாம் ஆங்கில எழுத்தில்: போஸ்டர்கலர், குவாஷ், டிரெடிஷனல்ஆர்ட், மயிலாப்பூர், சென்னை, கபாலீசுவரர்டெம்பிள், ஹிண்டுடெம்பிள், டெம்பிள்டாங்க், பாண்ட், ரிஃப்ளெக்‌ஷன், ரெயின், அம்ப்ரெல்லா, ஓல்டுவுமன், சாரி (ரெண்டு வடிவம்), ஸ்டெப்ஸ், கோபுரம், ராஜகோபுரம். 18 ஆச்சு.

பிக்சிவில் 10தான் இடம். ஜப்பானியச் சொல்லா ஒரிஜினாரு (சொந்தப் படைப்பு), அனரோகு, ஃபூகே (நிலக்காட்சி), அமே (மழை), காஸா (குடை), ஒபாசன் (பாட்டி), இண்டோ (இந்தியா). 7. மீதி மூணுக்கு என்ன போடலாம்?

இரண்டாவதுக்கு: கோலம் (ஆங்கிலம், தமிழ் இரண்டும்), புள்ளிக்கோலம், இடைப்புள்ளி, ஊடுபுள்ளி, 15_8, வெக்டர், லோட்டஸ், ஸ்டார். புள்ளி எண்ணிப் பார்த்தேன், 168 இருந்தது. இடது மூலையில் ஒன்று விட்டிருக்கு, சேர்த்துட்டேன். ரங்கோலியை டேக்கில் வைக்காமல் குறிப்பில் எழுதிட்டேன்.

---

கட்டம்_கோடு:

168! சொன்னேன் பாருங்க.

முதல் பட்டியல்ல ‘ராஜகோபுரம்’ வெட்டுங்க. தெப்பக்குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கு. குளத்துப் படியில நின்னா தண்ணிக்கு அந்தப் பக்கம் தெரியுறது மேற்குக் கோபுரம். உயரமான ராஜகோபுரம் கிழக்கு வாசல்ல இருக்கு. மயிலாப்பூர்க்காரங்க கண்ணுல பட்டா முதல் கமென்ட்டே அதுதான் வரும்.

---

மைக்கூடு:

பிக்சிவில் அந்த மூன்று இடத்தையும் காலியாக விடுங்கள். அங்கே பார்க்கிறவர்களும் டேக் சேர்க்கலாம், அந்தப் பத்துக்குள்தான் அதுவும் அடக்கம். ஜப்பானிய வாசகர் உங்கள் படத்தை எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பது அங்கேதான் தெரியவரும். பொருந்தாதது ஏதாவது வந்தால் நீக்கிவிட்டு, தேவைப்பட்டால் உங்கள் டேக்குகளைப் பூட்டிக்கொள்ளலாம்.